மொட்டைக்கல்லின் வயது

பூண்டுலோயாவை விட்டு மூன்று மைல் நடந்த பிறகுதான் மழை விட்டது. ஒரு மதகின் மேல் உட்கார்ந்து காலில் ஏறியிருந்த அட்டைகளை எண்ணினேன். பதினொன்று. சுண்ணாம்பு தடவினால் தானாக உதிரும். என்னிடம் சுண்ணாம்பு இல்லை. ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்தேன். ரத்தம் நிற்காமல் வழிந்தது. அதைப் பார்த்தபடியே பையிலிருந்த ரொட்டியின் கடைசித் துண்டைத் தின்றேன். இரண்டு நாளைக்கு முந்தைய ரொட்டி. மழையில் நனைந்திருந்ததால் மெல்ல முடிந்தது.

தேயிலை விலை விழுந்திருந்த காலம் அது. நான் இருந்த தோட்டத்தில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை நாலாகி, நாலு மூன்றாயிற்று. அந்த மூன்றிலும் பாதிக்கு அரைப்பேர் போட்டார்கள். அதாவது அரை நாள் வேலை செய்ததாகக் கணக்கு. ஒரு காலையில் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பற்றுச்சீட்டு வாங்கவில்லை. அந்தச் சீட்டு இல்லாதவனை வேறு எந்தத் தோட்டத்திலும் பதிய மாட்டார்கள். ஆனால் அதை வாங்க ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் நிற்க வேண்டும். எனக்கு நடப்பது சுலபம், நிற்பதுதான் கஷ்டம்.

ஹட்டனில் ஏதாவது வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தலவாக்கலை வரை நடந்து, அங்கே பஸ் ஏறினேன். பஸ்ஸின் பின்படியில் ஒரு ஆள் கையில் மரக்கட்டையோடு தொங்கிக்கொண்டு வந்தான். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் அவன் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைக்க வேண்டும். அதுதான் அவன் உத்தியோகம். நாலாவது வளைவில் வண்டி நின்றது. அவன் குதித்தான். கட்டை அவனுக்கு முன்னால் உருண்டு பள்ளத்தில் போய்விட்டது. வண்டி பின்னால் நகரத் தொடங்கியதும் டிரைவர் சிங்களத்தில் கத்தினார்: "இறங்க விரும்புகிறவர்கள் இறங்கலாம். விரும்பாதவர்கள் கட்டாயம் இறங்க வேண்டும்!"

எல்லோரும் இறங்கி முட்டுக்கொடுத்தோம். வண்டி நின்றது, ஆனால் மறுபடி கிளம்பவில்லை. பக்கத்தில் நின்று தள்ளிய மனிதர் தொப்பியைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி எங்க போறீங்க?"

"ஹட்டனுக்கு."

"அங்க என்ன?"

"தெரியாது."

"அப்ப எங்கூட வாங்க. இந்த மூட்டைல ஒண்ணத் தூக்கினா ராத்திரிச் சோறு."

அவர் பெயர் காசிம். எல்லோரும் காசிம் நானா, அதாவது காசிம் அண்ணன், என்றார்கள். கினிகத்தேனையில் சின்னத் துணிக்கடை. மாதத்தில் ஒரு வாரம் தோட்டம் தோட்டமாகத் துணி மூட்டையோடு சுற்றுவார். ரோட்டோரக் கடையில் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, பாலில்லாத தேநீரான சாயத் தண்ணீர் குடித்துவிட்டு, இருவரும் மேலே ஏறினோம். அந்தத் தோட்டத்துக்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருக்கிறது. நம் ஆட்கள் மொட்டைக்கல் தோட்டம் என்பார்கள்.

ஏன் அந்தப் பெயர் என்று கேட்க வேண்டியதில்லை. கீழ் லயம் என்கிற கூலியாட்களின் வரிசை வீடுகளுக்கு மேலே, மேட்டின் விளிம்பில், ஒரு புல் கூட முளைக்காத கறுப்புப் பாறை துருத்திக்கொண்டு நின்றது. ஒரு வீட்டின் அளவு இருக்கும். அதற்கு நேர் கீழே லயத்தின் தொங்கல் காம்பரா, அதாவது வரிசையின் கடைசி அறை. எங்கள் துறையூர்ப் பக்கத்திலும் பாறைகள் உண்டு. வெயிலில் கிடக்கும், ஆடு ஏறி நிற்கும், அவ்வளவுதான். இந்த ஊரில் எல்லாம் ஈரத்தில் ஊறி நகர்கிறது. ரோடு நகர்கிறது, வேலி நகர்கிறது. நான் முன்பு இருந்த தோட்டத்தில் ஒரு கக்கூஸ் ஒரே இரவில் பத்தடி நகர்ந்து போய் நின்றது, கதவு சாத்தினபடி.

காசிம் நானா லயத்து வாசலில் துணியை விரித்தார். தொங்கல் காம்பராவிலிருந்து ஒரு பெண் வந்து வெள்ளைத் துணி ஒரு கஜம் கேட்டாள். நாற்பது வயதிருக்கும். பெயர் ராக்காயி. அவள் மகள் பேச்சி பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"பேரனா பேத்தியா?" என்றார் நானா.

"பேத்தி. நானா, உங்ககூட வந்திருக்கிறவருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

எனக்கு எழுதத் தெரியும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு திருச்சிக் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவரிடம் ஆறு மாதம் மைக்கூடு தூக்கினேன். மனுவை எப்படித் தொடங்க வேண்டும், எப்படி முடிக்க வேண்டும் என்பது அங்கே மனப்பாடம் ஆனது. நடுவில் என்ன எழுத வேண்டும் என்பதை அவர் கற்றுக்கொடுக்கவில்லை.

ராக்காயி என்னை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாறைக்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு நடுவில் பிளந்து, ஒரு விரல் நகம் போகும் அளவுக்கு வாய் திறந்திருந்தது.

"போன வெள்ளிக்கெழம அப்பினேங்க. ஞாயித்துக்கெழம பொளந்து கெடக்கு. கல்லு நகருதுங்க. மேல் லயத்துல ஒரு காம்பரா சும்மா கெடக்கு, உரமூட்டை போட்டு வச்சிருக்காங்க. அதக் குடுங்கன்னு தொரைக்கு எழுதணும்."

"அதுவரைக்கும் பக்கத்து வீட்டில் இருக்கலாமே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எந்த ஊர்க்காரன் என்ற சந்தேகம் இருந்தது. "தீட்டு வீடுங்க. பதினாறு நாள் முடியாம பச்சப் புள்ளக்காரிய யாரு உள்ள விடுவாங்க? பக்கத்துக் காம்பரா காலிதான், ஆனா ஒழுகுது. அதுவும் கல்லுக்குக் கீழதானே."

அன்று மாலை எழுதினேன். நல்ல தாள், காசிம் நானா கொடுத்தது. மகாராஜராஜஸ்ரீ துரையவர்களின் சமூகத்துக்கு, தாழ்மையுள்ள ராக்காயி தெண்டனிட்டு எழுதிக்கொண்டது என்னவென்றால் என்று தொடங்கி, உலகம் தோன்றிய நாள் முதலாய் எங்கள் லயத்துக்கு மேல் நின்றுகொண்டிருக்கும் மொட்டைக்கல்லானது, என்று போட்டேன். இந்த வரி எனக்கே பிடித்திருந்தது. இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். துரைக்கு எழுதுவது இப்படித்தான் இருக்கும் போல என்று ராக்காயி நினைத்திருப்பாள்.

தோட்டத்துக் கோயில் பண்டாரம் எனக்குப் படுக்க இடம் கொடுத்தார். முனியாண்டி கோயில்; பக்கத்தில் தகரக் கொட்டகை. நல்ல மனிதர், நிறையப் பேசுவார். வெண்பொங்கல் என்று சொல்லி ஒன்று கொடுத்தார். மிளகு இல்லை, நெய் இல்லை, பாசிப்பருப்பும் இல்லை. பெயர் மட்டும் சரியாக இருந்தது.

மறுநாள், வியாழக்கிழமை, மனு திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் கண்டாக்கையா. தோட்டத்து வெளிவேலை முழுவதையும் பார்க்கிற அதிகாரியைக் கண்டாக்கு என்பார்கள். இவர் சிங்களவர், பௌத்தர். இருபது வருஷமாகத் தோட்டத்தில் இருப்பதால் என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசினார். மனுவின் ஓரத்தில் துரை பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார். கண்டாக்கையா அதைத் தமிழில் சொன்னார்:

"உலகம் தோன்றின நாள் முதல் விழாத கல், இந்த மழையில் விழுவானேன்? அப்படிக் கேட்கிறார்."

ராக்காயி என் பக்கம் திரும்பினாள். அதுவரை எனக்கு 'நீங்க' போட்டுப் பேசியவள் அன்றிலிருந்து 'நீ' என்றாள்.

"நான் வெள்ளிக்கெழமன்னுதானே சொன்னேன். நீ எதுக்கு உலகத்த இழுத்த?"

"மனு என்றால் அப்படித்தான்..."

"எந்தலைக்கு மேல நிக்கிற கல்லுக்கு நீ பூ சுத்தி விட்டிருக்க."

அது உண்மை. நான் அன்று கிளம்பிப் போயிருக்கலாம். ஹட்டன் பத்து மைலுக்குள்தான். ஆனால் போக முடியவில்லை. அன்று மாலையே அவள் வெடிப்பில் புதிதாகச் சுண்ணாம்பு அப்பினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சனிக்கிழமை காலையில் அது பிளந்திருந்தது. இரண்டாவது மனு எழுதினேன். இந்த முறை மகாராஜாவும் இல்லை, உலகமும் இல்லை. வியாழக்கிழமை வைத்த சுண்ணாம்பு சனிக்கிழமை பிளந்தது, அவ்வளவுதான்.

கண்டாக்கையா இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே கை, ஒரே மை, ஒரே கல். புதன்கிழமை இந்தக் கல்லுக்கு உலகத்தின் வயசு. சனிக்கிழமை இரண்டு நாள் வயசு. நான் எதை ஃபைலில் வைப்பது?"

"முதலில் எழுதினது தப்புங்க. கிழித்துவிடுங்கள்."

"துரை எழுதின தாளைக் கிழிப்பதா?" அவர் உண்மையிலேயே பயந்துவிட்டார். "துரை கல்லின் வயசைப் பற்றி ரிப்போர்ட் கேட்டிருக்கிறார். நாளைக்கு ஞாயிறு. கொழுந்து மடுவத்தில் விசாரணை வைப்போம். உலகத்துக்கு என்ன வயசு என்று தெரிந்துவிட்டால், கல்லுக்கு அதையே போட்டுவிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை. நடுவில் தராசு தொங்கியது. கண்டாக்கையா அதற்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்தார். எழுதுவதற்கு என்னை உட்கார வைத்தார். என்னால் வந்த வினையாம். காசிம் நானா வியாழக்கிழமையே போக வேண்டியவர், கூட்டம் கூடும் இடத்தில் துணி விற்கும் என்று தங்கிவிட்டார்.

முதலில் பண்டாரத்தைக் கேட்டார்கள். அவர் இடுப்பிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். எடுத்திருக்க வேண்டியதில்லை. அவர் தினமும் பூசைக்கு முன் சங்கல்பம் சொல்லும்போது இன்ன கற்பம், இன்ன மன்வந்தரம், இன்ன யுகம், இன்ன பாதம் என்று உலகத்தின் வயதைச் சொல்லித்தான் தொடங்குவார், கடிதத்துக்கு விலாசம் போடுவது போல.

"கலி பொறந்தே அஞ்சாயிரம் சொச்சம் ஆச்சுங்க. அதுக்கு முன்னாடி போனதையெல்லாம் கூட்டினா நூத்தித் தொண்ணூத்தஞ்சு கோடிக்கு மேல வரும். அனுமாரு வந்து போனப்பவே இந்தக் கல்லு கெழடு. அம்புட்டுக் காலம் நின்ன கல்லு இந்த ஐப்பசில விழுமா?"

கண்டாக்கையா அந்தத் தொகையை எழுதச் சொன்னார். பிறகு பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தார். "கொஞ்சம் கழிக்க வேண்டும்."

"என்னத்தக் கழிக்கணும்?"

"கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறோம் அல்லவா? சொன்ன கணக்கை அப்படியே போட்டால் துரை என்னைத்தான் கேட்பார். பத்தில் ஒன்று கழியும்."

"ஒலகத்துக்கு எதுங்கய்யா ஈரம்?" என்று பண்டாரம் கேட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்ததால் அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. பத்தில் ஒன்று கழிந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "எங்களுக்கு மட்டுமில்லடி, சாமிக்கும் வெட்டுறாங்க!" என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அடுத்து உபதேசியார். ஹட்டனிலிருந்து ஞாயிறுதோறும் வந்து ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். திருநெல்வேலிக்காரர், வெள்ளைக் கோட்டு, அதில் அட்டை கடித்த ரத்தம். அவரிடம் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கொடுத்த இங்கிலீஷ் வேதம் இருந்தது. முதல் பக்கத்தைத் திறந்து ஓரத்தில் விரலை வைத்தார்.

"இங்கே அச்சிட்டிருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் நாலாயிரத்து நாலு. இன்றைக்கு ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கல் நோவாவின் ஜலப்பிரளயத்தில் உருண்டு வந்தது. வந்து நாலாயிரத்துச் சொச்சம் வருஷம்தான். இன்னும் சரியாக உட்காரவில்லை. எப்போது வேண்டுமானாலும் விழும்."

ராக்காயி எழுந்து நின்றாள். "அய்யா சொல்றதுதான் சரிங்க. ஆறாயிரத்தையே எழுதுங்க."

பண்டாரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "ராக்காயி, போன மாசம்தான் முனியாண்டிக்குச் சேவல் அறுத்த."

"அறுத்தேன். கல்லு விழுகலேன்னா முனியாண்டி கணக்கு. விழுந்துச்சுன்னா அய்யா கணக்கு. எனக்கு ரெண்டு கணக்கும் வேணாம், மேல் லயத்துச் சாவியக் குடுங்க."

"அம்மா, விசுவாசித்தால்தான் அந்தக் கணக்கு," என்றார் உபதேசியார், கொஞ்சம் வருத்தத்தோடு.

கண்டாக்கையா சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "துரையிடமும் கேட்டேன். அவர் ஒரு தடிப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். இந்த நாட்டுக் கல் உலகத்திலேயே மிகப் பழைய கல் வகையாம். நூறு கோடி வருஷத்துக்கு மேல் இருக்குமாம்."

உபதேசியார் மெதுவாக வேதத்தை மூடினார்.

"துரை... ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்தானே?"

"தவறாமல் போவார்."

"நம்ம தொரை நம்ம பக்கம்!" என்று பண்டாரம் துள்ளினார். பிறகு தன் தொகைக்கும் துரையின் தொகைக்கும் உள்ள வித்தியாசம் நினைவுக்கு வந்து, "அவுக ஊருல ஈரம் ஜாஸ்தி, அதிகமாக் கழிச்சிருப்பாக," என்றார். உபதேசியாரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. காசிம் நானா அவருக்கு ஒரு வெற்றிலையை நீட்டினார். அவர் வெற்றிலை போடுவதில்லை. இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"நானா, உங்க பக்கத்தில் எப்படி?" என்றார் கண்டாக்கையா.

"அல்லா ஆறு நாள்ல படைச்சான். அந்த நாளு நம்ம நாளா, அவன் நாளான்னு நமக்குத் தெரியாது. அவன் நாள் ஒண்ணு நமக்கு ஆயிரம் வருசம்னும் இருக்கு, அம்பதாயிரம்னும் இருக்கு. நான் துணிய அளந்து குடுக்கிறவன். அளவு தெரியாத சரக்க நான் விக்கிறதில்ல."

"நீங்க என்ன சொல்றீங்கய்யா?" என்று யாரோ கண்டாக்கையாவையே கேட்டார்கள்.

"எங்கள் சமயத்தில் உலகத்துக்குத் தொடக்கம் தெரியாது. அதைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே என்று புத்தர் சொன்னார்." அவர் முன்னாலிருந்த தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அவருக்கு ரிப்போர்ட் எழுதுகிற வேலை இல்லை."

பிறகு மூன்று தொகைகளையும் கூட்டி மூன்றால் வகுக்கச் சொன்னார். நான் வகுத்தேன். கோடிக்கு மேல் எனக்குக் கை பழக்கமில்லை; ஒரு பூஜ்யம் கூடவோ குறையவோ இருக்கலாம். யாரும் கவனிக்கவில்லை. எந்தத் தொகையானாலும் தோட்டத்துக்கு முந்தையது, லயத்துக்கு முந்தையது. ஆகவே கல் புதிதாக நகர்ந்த கல் அல்ல. ஆகவே காம்பரா மாற்ற வேண்டியதில்லை. அப்படித்தான் எழுதச் சொன்னார். என் கை எழுதவில்லை.

ராக்காயி முந்தானையிலிருந்து சின்னச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அய்யாமாரே, எல்லாரும் படிச்சவுக. நூறு கோடியோ ஆறாயிரமோ, நல்லாப் பேசுங்க. ஆனா இங்க வேணாம். எங்காம்பராவுக்கு வந்து பேசுங்க. பாய் விரிக்கிறேன், தேத்தண்ணி போட்டுத் தாறேன். கல்லு அசையாதுன்னா அதுக்குக் கீழ உக்காந்து சொல்லுங்க."

கண்டாக்கையா பண்டாரத்தைப் பார்த்தார்.

"தீட்டு வீட்டுக்கு நான் எப்புடிங்க வாறது? நாளைக்குப் பூசை இருக்கு."

உபதேசியாரைப் பார்த்தார். அவர் கல் விழும் என்று சொன்னவர். வராததில் நியாயம் இருந்தது. அதை அவரே சொன்னார்.

"நான் நடுநிலைங்க," என்றார் காசிம் நானா. "மூட்டைய விட்டுட்டு வர ஏலாது."

"சரி, நானே வருகிறேன்," என்று கண்டாக்கையா குடையை எடுத்தார். கூட்டம் முழுவதும் பின்னால் போனது. லயத்துக்கு முன்னால் ஒரு கான், அதாவது தண்ணீர் வடியும் வாய்க்கால், ஓடுகிறது. அதைத் தாண்டினால் தொங்கல் காம்பரா. அவர் ஒரு காலைத் தூக்கினார். அப்போது மேலிருந்து ஒரு சின்னக் கல், எலுமிச்சம்பழ அளவுதான், உருண்டு வந்து தகரக் கூரையில் டங்கென்று மோதி, அவர் காலடியில் விழுந்தது. உள்ளே குழந்தை அழுதது.

கண்டாக்கையா தூக்கிய காலை மெதுவாகப் பின்னால் வைத்தார். அந்தக் கல்லைப் பார்த்தார். மொட்டைக்கல்லைப் பார்த்தார். பிறகு இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார்.

"இந்தா. கல் விழும் என்று நான் ஒப்புக்கொண்டதாக இதற்கு அர்த்தம் இல்லை. விசாரணை முடியும் வரைக்கும் மட்டும் மேல் லயத்தில் இரு. தம்பி, அதையும் எழுதுங்கள்."

எழுதினேன். இந்த முறை கை ஓடியது.

உரமூட்டைகளை அகற்ற ஆள் வேண்டியிருந்தது. உரத்துக்குத் தீட்டு இல்லை என்பதால் பண்டாரம் என்னோடு சேர்ந்து மூட்டை தூக்கினார். பேச்சியையும் குழந்தையையும் குடை பிடித்துக் கூட்டிவர லயத்து ஆட்கள் தயங்கினார்கள். "எங்களுக்கு அந்தத் தீட்டுக் கெடையாது," என்று காசிம் நானா தொட்டில் கம்பை எடுத்துக்கொண்டார். "எங்களுக்கும் இல்லை," என்று உபதேசியார் சட்டி பானையை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டார். வெள்ளைக் கோட்டில் கரி வழிந்தது. அன்று முழுவதும் அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான். இருட்டுவதற்கு முன் எல்லாம் முடிந்தது. ராக்காயியின் கோழி ஒன்று மட்டும் வர மறுத்தது. பிடிக்கப் பிடிக்க ஓடி, பழைய கூரையில் ஏறிக்கொண்டது.

திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். வேலைக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். வரிசையில் நிற்கக் கூட்டம் வந்துகொண்டிருந்தபோது தப்புச் சத்தத்துக்கு மேலே இன்னொரு சத்தம் கேட்டது. நான் இடி என்று நினைத்தேன். தப்பு அடிக்கிறவன் தன் தப்பைத் திருப்பிப் பார்த்தான்.

மொட்டைக்கல்லில் பாதி இறங்கியிருந்தது. தொங்கல் காம்பராவும் பக்கத்துக் காலி அறையும் இருந்த இடத்தில் அது உட்கார்ந்திருந்தது, எப்போதும் அங்கேயே இருந்ததுபோல. தகரம் ஒரு துண்டு மட்டும் கல்லுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தது. கோழியைக் காணவில்லை.

யாருக்கும் அடி இல்லை என்று தெரிந்ததும் பேச்சு தொடங்கியது. முனியாண்டிதான் நேற்றுச் சின்னக் கல்லை அனுப்பி எச்சரித்தார் என்றார் பண்டாரம். முதல் நாள் மழையில் ஹட்டன் போக முடியாமல் தங்கியிருந்த உபதேசியார் முழங்காலிட்டு ஜெபம் செய்தார். ஆறாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காசிம் நானா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றுவிட்டு மூட்டையைக் கட்டினார். கண்டாக்கையா மட்டும் ஃபைலோடு என்னிடம் வந்தார்.

"முடிவை மாற்றி எழுதுங்கள். கல் லயத்துக்குள் வந்த நாள்: திங்கட்கிழமை. இப்போது இது புதுக் கல். புதுக் கல்லை எடுக்கத் தோட்டக் கணக்கில் செலவு உண்டு."

"பழைய வயசை அடிக்கட்டுமா?"

"வேண்டாம். அதுவும் இருக்கட்டும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பற்றுச்சீட்டு இருக்கா?"

"இல்லீங்க."

"பேர் பதிய முடியாது. ஆனால் கல் உடைக்கிற வேலை கொந்தரப்பு. இவ்வளவு வேலைக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பது. அதற்குச் சீட்டு வேண்டாம். உடைத்து ரோட்டுக்குக் கொட்ட வேண்டும். சம்மதமா?"

எட்டு மணிக்கு என் கையில் ஒரு பெரிய சம்மட்டியும் இரண்டு உளியும் இருந்தன. கல் வெளியே கறுப்பாக, பாசி பிடித்து, எந்த வயது சொன்னாலும் நம்பலாம் என்பது போல இருந்தது. ஒரு மூலையில் உளியை வைத்து இருபது முப்பது அடி அடித்த பிறகு அது பிளந்தது. உள்பக்கம் வெளிறிய சிவப்பு. நடுவில் சின்னச் சின்னப் புள்ளிகள் மினுங்கின. கையை வைத்தேன்; ஜில்லென்று இருந்தது.

ராக்காயி கொழுந்துக் கூடையோடு வேலைக்குப் போகிற வழியில் நின்றாள்.

"மூணு துண்டு வேணும். இந்த அளவுக்கு. பழைய அடுப்புக் கல்லு உள்ள போயிருச்சு."

மூன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றை வேண்டாம் என்று கீழே போட்டுவிட்டு வேறு எடுத்தாள்.

"இதுல இன்னைக்குச் சோறாக்கலாமா?" என்றேன்.

"புதுக் கல்லு. ஈரம் உள்ள இருக்கும். மூணு நாள் வெறும் நெருப்புக் காட்டித்தான் ஒலை வைக்கணும். இல்லேன்னா வெடிக்கும்." கற்களைக் கூடையில் போட்டுக்கொண்டாள். "அதையெல்லாம் எழுதி வைக்காத."

அவள் மலைக்கு ஏறிப்போனாள். நான் உளியை அடுத்த மூலையில் வைத்தேன்.